ஒலிவாங்கியை நம் பிள்ளைகளிடம் கொடுப்போம்!

(மட்டாஞ்சேரியில் நடைபெற்ற சங்கக் குடும்பக் கூட்டத்தில் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, வாரத்தில் கிடைக்கும் ஒரு நாள் ஓய்வையும் விட்டுக்கொடுத்து வந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே, தோழர்களே, முன்வரிசையில் தரையில் அமர்ந்திருக்கிற மாணவச் செல்வங்களே!

சென்ற மாதக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் எங்களிடம் வந்து, “அண்ணாச்சி, ரேடியோவில் வேலை பார்த்தால் சோறு கிடைக்குமா?” என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற அவள் தாயார், “முதலில் பரீட்சையில் பாஸாகு, அப்புறம் ரேடியோவுக்குப் போகலாம்” என்று செல்லமாகத் தலையில் தட்டினார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. தலைமுறை தலைமுறையாக மூட்டை சுமந்து, துணி வெளுத்து, கட்டடம் கட்டிப் பிழைக்கிற வீட்டுப் பிள்ளை கேட்ட கேள்வி அது. அதற்கு நேர்மையான விடை சொல்ல வேண்டியது சங்கத்தின் கடமை. அந்த விடைதான் இன்றைய பேச்சு.

நம் ஊரும் நம் குரலும்

இந்த ஊருக்கு நாம் நேற்று வந்தவர்கள் அல்லர். கோட்டைக் கொச்சியில் துணி வெளுக்கும் நம் மக்களின் முன்னோரை, தங்கள் படைவீரர்களின் உடுப்புகளை வெளுப்பதற்காக டச்சுக்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து அழைத்து வந்தார்கள் என்பது வழிவழியாக வரும் வரலாறு. இன்று அவர்கள் வேலை செய்யும் தோபிகானா 1976-இல் கட்டப்பட்டது. அதற்குப் பின்னும் நெல்லையிலிருந்தும் தென்காசியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் மக்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

இந்த மட்டாஞ்சேரி உழைப்பாளியின் இரத்தம் சிந்திய மண். துறைமுக வேலைக்குக் காத்து நிற்கும் கூட்டத்துக்குள் ‘சாப்பா’ என்னும் உலோக வில்லைகளை வீசியெறிவார்கள். பாய்ந்து, புரண்டு, பக்கத்திலிருப்பவனை மிதித்து அதைக் கைப்பற்றியவனுக்குத்தான் அன்றைக்கு வேலை. மனிதனை மிருகமாக்கிய அந்த முறையை எதிர்த்துத் தொழிலாளர் போராடியபோது, 1953 செப்டம்பர் 15 அன்று இங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தப் போராட்டம் பிறகு மலையாளத்தில் நாடகமாயிற்று. 2023-இல் ‘துறமுகம்’ என்ற திரைப்படமாகவும் வந்தது. ஆனால் துப்பாக்கி வெடித்த அன்று, அந்தத் தொழிலாளியின் முன்னால் ஓர் ஒலிவாங்கியை நீட்டி, “ஐயா, என்ன நடந்தது? நீங்களே சொல்லுங்கள்” என்று கேட்க இந்த ஊரில் ஒரு வானொலி நிலையம் இல்லை. கொச்சி நிலையம் வந்தது 1989-இல்தான்.

உழைப்பவன் செத்த பிறகு அவனைப் பற்றி நாடகம் வருவது நல்லதுதான். அவன் உயிரோடிருக்கும்போதே அவன் பேச்சை ஊர் கேட்க வேண்டும் என்று நாங்கள் சொல்கிறோம். உள்ளூர் வானொலி எதற்கு என்று யாராவது கேட்டால் இதுதான் பதில்.

‘ரேடியோ நெல்’ சொல்லும் பாடம்

சென்னையில் 1924-இல் வானொலிக் கழகம் ஒன்று தொடங்கியது. பிறகு 1930 முதல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-இலும், திருச்சி நிலையம் 1939-இலும் வந்தன. தொடக்கத்தில் கச்சேரியும் சொற்பொழிவும்தான் பெரிதும் ஒலித்தன. படித்தவர் பேசினார், வசதியுள்ளவர் கேட்டார்.

அது எப்போது மாறியது? நிலையத்தார் வயலுக்குள் இறங்கியபோது மாறியது. 1960-களில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் வந்தது. அதை எப்படி விதைப்பது, எப்போது உரம் போடுவது என்று திருச்சி வானொலி நாள்தோறும் தஞ்சை விவசாயிகளுக்குச் சொன்னது. விளைவு என்ன தெரியுமா? அந்த நெல்லுக்கே மக்கள் ‘ரேடியோ நெல்’ என்று பெயர் வைத்தார்கள்! அரசாங்கம் வைத்த பெயரை விட்டு, தங்களுக்கு வழி சொன்ன பெட்டியின் பெயரை நெல்லுக்கு வைத்த மக்களின் நன்றியைப் பாருங்கள். ஒரு வானொலிக்காரனுக்கு இதைவிடப் பெரிய விருது உண்டா?

அந்த வழியில் வந்தவர்தான் தென்கச்சி கோ. சுவாமிநாதன் அவர்கள். வேளாண்மை படித்தவர், அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். 1977-இல் திருநெல்வேலி நிலையத்தில் பண்ணை ஒலிபரப்புக்கு வந்தார். பிறகு சென்னையில், 1988 முதல் ‘இன்று ஒரு தகவல்’ சொன்னார். நம் பெரியவர்களில் பலருக்கு அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கும். மேடைப் பேச்சில்லை, முழக்கமில்லை. திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போலப் பேசினார். 2009-இல் அவர் மறைந்தபோது நாம் சொந்தக்காரர் ஒருவரை இழந்தது போல வருந்தினோம். அந்த உறவு எப்படி வந்தது? உழவனிடம் உழவன் மொழியில் பேசிப் பழகியதால் வந்தது.

வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இன்னொருவரையும் சொல்ல வேண்டும். “செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி” என்று டில்லியிலிருந்து ஒலித்த குரலை யாரால் மறக்க முடியும்? அந்த அம்மையாரின் குடும்பத்துக்குப் பூர்வீகம் தஞ்சாவூர். அவர் வளர்ந்ததோ மும்பையில். தமிழ்நாட்டுக்கு வெளியே வளர்ந்த பெண்ணின் தமிழைத்தான் தமிழ்நாடே தினமும் காது கொடுத்துக் கேட்டது. ஆகவே, “நாங்கள் கேரளத்தில் படிக்கிறோம், எங்களுக்குத் தமிழ் சரியாக வராது” என்று எந்தப் பிள்ளையும் இனிச் சாக்குச் சொல்லக் கூடாது!

கற்றதைக் கற்பித்தவர்கள்

ஒரு வானொலியாளரின் வாழ்க்கையை எதைக் கொண்டு அளப்பது? எத்தனை ஆண்டு பேசினார் என்பதைக் கொண்டு மட்டும் அளக்கலாகாது. எத்தனை பேரைப் பேச வைத்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம் இலங்கை வானொலியிலும் லண்டன் பி.பி.சி.யிலும் பணியாற்றியவர். பி.பி.சி. தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ என்று பெயர் சூட்டியவர் அவரே. அந்த வானொலிச் சேவை 2017-இல் நின்றுவிட்டது. ஆனால் அவர் கற்றதையெல்லாம் ‘ஒலிபரப்புக் கலை’ என்ற நூலாக எழுதி வைத்தாரே, அது நின்றுவிடவில்லை. தொழில் இரகசியத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் பின்னால் வருபவனுக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுத்தவர் அவர்.

அடுத்து, சென்னை அண்ணா பல்கலைக்கழகம். நாட்டில் ஒலிபரப்பு நெடுங்காலம் அரசின் கையில் மட்டுமே இருந்தது. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு 2002-இல் கல்வி நிலையங்கள் சமுதாய வானொலி நடத்தலாம் என்று வழி திறந்தது. 2004 பிப்ரவரி முதல் நாள் ‘அண்ணா எப்.எம்.’ ஒலிக்கத் தொடங்கியது. கல்லூரி வளாகத்திலிருந்து ஒலித்த இந்தியாவின் முதல் சமுதாய வானொலி அது. முன்னின்று அதை உருவாக்கியவர் பேராசிரியர் ஆர். ஸ்ரீதர். அவர் அங்கே செய்ததில் நாம் பார்க்க வேண்டியது இது: நிகழ்ச்சிகளைத் தயாரிக்கும் பொறுப்பை மாணவர்களிடம் கொடுத்தார். பல்கலைக்கழகத்தைச் சுற்றிலுமுள்ள ஏழை எளிய பெண்களையும் நிலையத்துக்குள் அழைத்து வந்து பேச வைத்தார். பட்டப் படிப்பு மாணவரும் குடிசைப் பகுதித் தாயும் ஒரே மேசையில் உட்கார்ந்து நிகழ்ச்சி தயாரித்தார்கள். மாணவர் அந்தத் தாய்க்குக் கருவியைக் கற்றுக் கொடுத்தார். அந்தத் தாய் மாணவருக்கு வாழ்க்கையைக் கற்றுக் கொடுத்தார்.

2006-இல் மக்கள் அமைப்புகளும் உரிமம் பெறலாம் என்று விதி மாறியது. தெலங்கானாவில் மாச்சனூர் என்ற சிற்றூரில், தலித் பெண்கள் நடத்தும் ‘சங்கம் ரேடியோ’ 2008 அக்டோபர் 15 அன்று வானில் ஏறியது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அவர்களிடம் ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது, உரிமம்தான் இல்லை. அந்தப் பத்து ஆண்டும் அவர்கள் கை கட்டி உட்கார்ந்திருந்தார்களா? இல்லை! விதை, மழை, மூலிகை, பாட்டு எல்லாவற்றையும் ஒலிநாடாவில் பதிவு செய்து, ஊர் ஊராகச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் காட்டினார்கள். உரிமம் வந்த நாளில் அவர்கள் தேர்ந்த வானொலியாளர்களாக இருந்தார்கள். தோழர்களே, இதை மனத்தில் இருத்துங்கள். பின்னால் நமக்கு இது வேண்டும்.

கடலில் இருந்தவனுக்கு யார் சொன்னார்?

“இதெல்லாம் கேட்க நன்றாயிருக்கிறது. நமக்கு ஆக வேண்டியது என்ன?” என்று சிலர் நினைக்கலாம். நியாயம்தான். நம் கண் முன்னால் நடந்ததைச் சொல்லுகிறோம்.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் இங்கிருந்து படகேறி, வாரக் கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிப்பவர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது, பலர் அதற்கு நெடுநாள் முன்பே கடலுக்குள் போயிருந்தார்கள். கரையில் எச்சரிக்கை சொல்லப்பட்டபோது அது அவர்களின் காதுக்கு எட்டவில்லை. எத்தனை குடும்பங்கள் கரையில் நின்று நாள் எண்ணின! போனவர்களில் திரும்பாதவர்கள் எத்தனை பேர்!

இதில் ஒரு தொழில்நுட்பச் செய்தியும் இருக்கிறது, மாணவர்கள் கவனியுங்கள். எப்.எம். அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். சில பத்து கிலோமீட்டருக்கு அப்பால் அதைப் பிடிப்பது கடினம். பழைய மத்திய அலை தரையையும் கடலையும் ஒட்டிக்கொண்டு நெடுந்தூரம் போகும். இரவில் இன்னும் அதிக தூரம் போகும். நெல்லை நிலையத்தை நம் தாத்தாக்கள் மலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டது அப்படித்தான். பழைய மத்திய அலைக் கருவிகளை நாட்டில் பல இடங்களில் ஒவ்வொன்றாக மூடிவருகிறார்கள். செலவுக் கணக்குப் பார்க்கிறார்கள். கடலில் இருப்பவனின் உயிருக்கு அந்தக் கணக்கில் எந்தப் பத்தியில் இடம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

அதே நேரம், சிறிய நிலையமும் செய்யக்கூடியது நிறைய. பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 முதல் ‘கடல் ஓசை’ என்ற சமுதாய வானொலி 90.4 அலைவரிசையில் ஒலிக்கத் தொடங்கியது. மீனவருக்காக, மீனவ மக்களையே கொண்டு நடத்தப்படுவது. காற்றின் வேகம் என்ன, அலை எவ்வளவு உயரம், இன்று கடலுக்குப் போகலாமா என்று மீனவனின் பேச்சு வழக்கிலேயே சொல்லுகிறார்கள். ‘தாழ்வு மண்டலம்’ என்று அதிகாரி சொல்வதை, கடற்கரைத் தாய் புரிந்துகொள்ளும் சொல்லில் மாற்றிச் சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா? அந்த ஒருவர்தான் உள்ளூர்ச் செய்தியாளர்.

நாங்கள் செய்த தவறு

இனி, சங்கத்தின் சொந்தக் கதை. அதைச் சொல்ல எங்களுக்கு வெட்கம்தான். ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்.

சென்ற ஆண்டு நம் மாணவர் குழு, வாரம் ஒரு முறை பத்து நிமிட ஒலிப்பதிவு செய்து கைபேசி வழியாக வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கியதை அறிவீர்கள். முதல் பதிவுக்குத் துணி வெளுக்கும் இடத்துக்குப் போனோம். கல்லில் துணி அடிக்கும் சத்தம் கேட்கிறதே என்று, பேச வந்த பாட்டியை ஓர் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினோம். பாட்டி வாயே திறக்கவில்லை. வானொலியில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்தார். “அந்தச் சத்தம்தானே ஐயா அவள் பேச்சு! அவளை அவள் கல்லுக்குப் பக்கத்திலேயே நிற்க விடுங்கள்” என்றார். மறுபடி போனோம். பாட்டி துணியை அடித்துக்கொண்டே அரை மணி நேரம் பேசினாள்.

அது சிறிய பிழை. பெரிய பிழை அடுத்து வந்தது. குடும்ப அட்டைத் திருத்த முகாம் எப்போது என்று நம் மாணவன் ஒருவன் தொலைபேசியில் கேட்டான். “மற்றந்நாள்” என்று மலையாளத்தில் பதில் வந்தது. மலையாளத்தில் அதற்கு நாளை மறுநாள் என்று பொருள். பையன் காதில் அது ‘மறுநாள்’ என்று விழுந்தது. நாங்களும் சரிபார்க்காமல் அனுப்பிவிட்டோம். பதினொரு தாய்மார்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, வெயிலில் நடந்து போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார்கள்.

சொன்னவர் சரியாகத்தான் சொன்னார், தவறு நம்முடையது. பையன் அழுதான், இனி வர மாட்டேன் என்றான். அவனை விட்டுவிடவில்லை. அவனையும் அழைத்துக்கொண்டு பதினொரு வீட்டுக்கும் போனோம். அடுத்த பதிவின் முதல் வரியாக, “சென்ற வாரம் நாங்கள் தவறான நாளைச் சொன்னோம், மன்னியுங்கள்” என்று அவன் குரலிலேயே சொல்ல வைத்தோம். ஒரு தாய் சொன்னார்: “போன கூலி போகட்டும் தம்பி. இனிமேல் நாளை, மறுநாள் என்று சொல்லாதே. கிழமையைச் சொல்லு, தேதியைச் சொல்லு.” எந்தக் கல்லூரியிலும் இதைவிடச் சிறந்த பாடம் சொல்லித் தரமாட்டார்கள். அந்தப் பையன் இன்று கேட்ட செய்தியை, கேட்ட இடத்திலேயே திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்ட பிறகுதான் எழுதுகிறான்.

மாணவரைப் பயிற்றுவிப்பது என்றால் எங்களுக்குத் தெரிந்தது இதுதான். குரல் பயிற்சி பிறகு வரட்டும். முதலில் கேட்கக் கற்றுக்கொள். யார் சொன்னார் என்று குறித்துக்கொள். இரண்டாவது ஆளிடமும் கேள். குறை சொல்லப்பட்டவனுக்கும் பதில் சொல்ல இடம் கொடு. தவறினால் அதே இடத்தில், அதே குரலில் திருத்து. பேசியவருக்கு வேலையிடத்தில் ஆபத்து வருமென்றால் அவர் பெயரை வெளியிடாதே. இந்த ஆறும் தெரிந்தால் போதும், பத்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்தியாளரே.

சோறு கிடைக்குமா?

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். மறைக்காமல் சொல்லுகிறோம்.

வானொலியில் நிரந்தர வேலை அரிது. நிலையங்களில் தற்காலிக அறிவிப்பாளர்களுக்கு மாதத்தில் ஏறக்குறைய ஆறு நாள்தான் பணி கிடைக்கும். அதை மட்டும் நம்பி அடுப்பெரியாது. மாவட்டங்களில் பகுதிநேரச் செய்தியாளர் பணி உண்டு. அதுவும் பெயருக்கேற்பப் பகுதி நேரம்தான். சமுதாய வானொலிகளோ தங்கள் செலவுக்கே திண்டாடுபவை. ஆகவே, மகளே, பரீட்சையில் தேறு. கையில் ஒரு படிப்பும் இருக்கட்டும். உன் தாய் சொன்னது சரி.

ஆனால் பாதி விடைதான் அது. மீதியையும் கேள். கேட்கவும், சரிபார்க்கவும், எல்லோருக்கும் புரியும்படி சொல்லவும் தெரிந்தவளுக்கு எந்த வேலையிலும் மதிப்பு உண்டு. நீ செவிலியானாலும், ஆசிரியையானாலும், சங்கத்தின் செயலாளரானாலும் இந்தப் பயிற்சி உன்னோடு வரும். உனக்குத் தமிழும் மலையாளமும் தெரியும். ‘மற்றந்நாள்’ என்றால் என்ன என்று இந்தத் தெருவுக்குச் சொல்ல உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நாம் செய்ய வேண்டியவை

தோழர்களே, முடிவாகச் சில வேண்டுகோள்கள்.

ஒன்று: உரிமம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். சங்கம் ரேடியோவின் பெண்கள் பத்து ஆண்டு காத்திருந்தபடியே வேலை செய்தார்கள். நம் மாணவர் குழுவின் பதிவு ஒரு வாரமும் நிற்கக் கூடாது. மூத்த மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டு இளையவரைப் பயிற்றுவிக்க வேண்டும்.

இரண்டு: நம் மூத்தவர்களின் குரலைப் பதிவு செய்யுங்கள். சாப்பா நாட்களைப் பற்றித் தந்தையிடம் கேட்டறிந்தவர்கள், தோபிகானா கட்டப்பட்டதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நாளை அவர்கள் இருக்க மாட்டார்கள்.

மூன்று: கொச்சி நிலையத்துக்கும் அதிகாரிகளுக்கும் எழுதுவோம். மழை, வெள்ளம், புயல் எச்சரிக்கைகள் இங்கே உழைக்கும் மக்களின் மொழிகளிலும் ஒலிக்க வேண்டும். தமிழருக்கு மட்டும் கேட்கவில்லை. இன்று நம்மோடு கல் சுமக்கும் வங்காளத் தோழனுக்கும் ஒடியாத் தோழனுக்கும் சேர்த்தே கேட்கிறோம்.

நான்கு: சமுதாய வானொலி தன் சொந்தச் செய்தியை ஒலிபரப்பக் கூடாது, அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம் என்கிறது விதி. தெருக் குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்பதைச் சொல்லக் கூடாதென்றால், வான் அலை பொதுமக்களின் சொத்து என்ற தீர்ப்புக்கு என்ன பொருள்? இந்தத் தடை நீங்கக் குரல் கொடுப்போம்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை கையில் கைபேசியோடு யாரிடமாவது கேள்வி கேட்டுக்கொண்டு நின்றால், பொழுதை வீணாக்குகிறான் என்று உடனே திட்டாதீர்கள். ஒரு நிமிடம் பக்கத்தில் நின்று, அவன் என்ன கேட்கிறான் என்று கவனியுங்கள். பிறகு உங்களிடமும் கேட்கச் சொல்லுங்கள். சொல்ல உங்களிடம் நிறைய இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் நாங்கள் பேசப்போவதில்லை. கேள்வி கேட்ட அந்தப் பெண்தான் ஒலிவாங்கியைப் பிடிப்பாள். நாங்கள் முன்வரிசையில், தரையில் உட்கார்ந்து கேட்போம்.